லாக் கேபின் குயில்ட்: வெளிர் எங்கே, அடர் எங்கே?

துணித்துண்டுகளை இணைத்துத் தைக்கும் போர்வைதான் குயில்ட். அதில் லாக் கேபின் என்ற வடிவத்தின் கட்டத்தைத் தைப்பது சுலபம். நடுவில் ஒரு சின்னச் சதுரம், அதைச் சுற்றிச் சுற்றித் துணிப்பட்டைகள், அவ்வளவுதான். பட்டைகளில் எது வெளிர், எது அடர் என்று வைக்கிறோமோ அதைப் பொறுத்துத்தான் முழு குயில்ட்டும் அமையும். அதிகம் புழங்கும் வழிகள் மூன்று. கட்டத்தை மூலைக்கு மூலை குறுக்காகப் பிரித்து ஒரு பாதி வெளிர், மறுபாதி அடர் என வைப்பது ஒன்று. எதிரெதிர்ப் பக்கங்களுக்கு ஒரே நிறம் கொடுக்கும் கோர்ட்ஹவுஸ் ஸ்டெப்ஸ் இன்னொன்று. ஒரு சுற்று முழுக்க வெளிர், அடுத்த சுற்று முழுக்க அடர் என வளையமாகப் போவது மூன்றாவது. மூன்றையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுவேன்: கட்டங்களைத் தைத்து முடித்த பிறகும் மாற்றிப் பார்க்க எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது?

குறுக்குப் பிரிப்புக்கு ஈடே கிடையாது. ஒரு கட்டத்தை நான்கு விதமாகத் திருப்பலாம், நான்கும் வேறு வேறாகத் தெரியும். 16 கட்டங்கள் இருந்தால் அவற்றைத் திருப்பி வைக்கும் வழிகள் மட்டும் 429 கோடியைத் தாண்டும். குயில்ட்டையே திருப்பிப் பிடித்தால் ஒன்றாகிவிடுபவற்றைக் கழித்தாலும் 100 கோடிக்கு மேல் மிஞ்சும். இவற்றில் பெயர் பெற்றவை சில. நான்கு கட்டங்களின் அடர் மூலைகளை ஒரே புள்ளியில் சேர்த்தால் அடர் சாய்சதுரம் கிடைக்கும், அதே மாதிரி தொடர்ந்தால் இடையிடையே வெளிர் சாய்சதுரங்கள் தாமாக எழும். இது சன்ஷைன் அண்ட் ஷேடோ. நடுவிலிருந்து சாய்சதுரங்கள் ஒன்றைச் சுற்றி ஒன்றாக விரிந்தால் பார்ன் ரைசிங். அதற்கு நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இரட்டைப்படையில் கட்டங்கள் இருந்தால்தான் சமச்சீராக வரும்.

சாய்ந்த கோடுகளாக ஓடும் ஸ்ட்ரெயிட் ஃபர்ரோவில் பலர் தடுமாறுவதுண்டு. எல்லாக் கட்டங்களையும் ஒரே பக்கம் பார்த்து வைத்தால் கோடு வராது, வரிசை வரிசையாக முக்கோணங்கள்தான் வரும். சதுரங்கப் பலகையின் கறுப்பு வெள்ளை மாதிரி ஒன்றுவிட்டு ஒன்றைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். அப்போதுதான் ஒரு கட்டத்தின் அடர் பாதி பக்கத்துக் கட்டத்தின் அடர் பாதியோடு ஒட்டிக் கோடாக நீளும். இத்தனையையும் தரையில் பரப்பி, ஒவ்வொன்றையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு நிதானமாக முடிவு செய்யலாம். ஒரு தையலும் பிரிக்க வேண்டியதில்லை.

கோர்ட்ஹவுஸ் ஸ்டெப்ஸில் அந்தச் சுதந்திரம் பாதியாகிவிடும். தலைகீழாகத் திருப்பினாலும் கட்டம் அப்படியேதான் இருக்கும், எனவே இரண்டு நிலைகள் மட்டுமே. ஆனால் அதற்கென்று ஓர் அழகு உண்டு. பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களின் வெளிர்ப் பகுதிகள் ஒன்று சேர்ந்து, படிப்படியான விளிம்புள்ள விளக்குக் கூண்டு மாதிரி ஓர் உருவம் தரும். ஒவ்வொரு கூண்டும் ஒவ்வொரு நிறமாக இருக்க ஆசைப்பட்டால், எந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் எது வரும் என்று முதல் பட்டையை வெட்டும் முன்பே தாளில் வரைந்து முடித்திருக்க வேண்டும். திட்டமிட்டுச் செய்வதில் மகிழ்ச்சி காண்பவர்களுக்கு இது நல்ல வேலை. நடுவழியில் மனம் மாறுகிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

வளைய முறையில் எப்படித் திருப்பினாலும் நிற அமைப்பு மாறாது. வெளி வளையங்கள் ஒட்டும் இடத்தில் தடித்த சட்டம் போட்டதுபோல் கட்டம் கட்டமாகத் தெரியும். இன்னொரு தொல்லையும் உண்டு. லாக் கேபினில் தையல் ஓரங்களைப் புதிதாகச் சேர்த்த பட்டைப் பக்கம் மடித்துத்தான் இஸ்திரி போடுவோம். வளைய முறையில் வெளிர் வளையத்தின் அடியில் அடர்த்துணியின் ஓரம் நெடுக ஓடும், மெல்லிய வெள்ளைத் துணியென்றால் மேலே நிழலாகத் தெரிந்துவிடும். மற்ற இரண்டிலும் வெளிர் பெரும்பாலும் வெளிர் மேலேயே அமைவதால் பட்டையின் முனைகளில் மட்டுமே இந்தக் கவலை.

எந்த முறையானாலும் எந்த நிறத்தில் தொடங்குவது என்பதில் கவனம் வேண்டும். 1 அங்குல நடுச்சதுரம், தைத்தபின் 1 அங்குலம் நிற்கும் பட்டைகள் (வெட்டும்போது 1½), 3 சுற்று என்று வைத்துக்கொள்வோம். கட்டம் 7 அங்குலம், பரப்பு 49 சதுர அங்குலம். குறுக்குப் பிரிப்பில் ஒவ்வொரு சுற்றிலும் முதலில் வைக்கும் நிறத்துக்கு 21, பின்னால் வருவதற்கு 27. கோர்ட்ஹவுஸ் ஸ்டெப்ஸில் அதுவே 18க்கு 30. வெளிர், அடர், வெளிர் என்ற வளையத்தில் வெளிருக்கு 32, அடருக்கு வெறும் 16. கடைசியில் வரும் நிறமே எப்போதும் ஓங்கி நிற்கும். குயில்ட் வெளிச்சமாக இருக்க வேண்டும் என்றால் ஒவ்வொரு சுற்றையும் அடரில் தொடங்குங்கள். வளைய முறையிலோ கடைசிச் சுற்று வெளிராக இருக்கட்டும்.

குறுக்குப் பிரிப்பிலேயே ஒரு கிளை வழி இருக்கிறது, அது எனக்கு மிகவும் பிடித்தது. வெளிர்ப் பட்டைகளை அரை அங்குலமாகவும் அடர்ப் பட்டைகளை 1 அங்குலமாகவும் வைத்தால் நடுச்சதுரம் மெல்லிய பக்கம் ஒதுங்கிவிடும், நிறம் மாறும் எல்லையும் வளைந்து தெரியும். நேர்த்தையல் மட்டுமே போட்டு வட்டம் வரவழைக்கலாம். நான்கு திசைச் சுதந்திரமும் அப்படியே இருக்கும். ஆனால் அரை அங்குலப் பட்டையில் தையல் நூலிழை விலகினாலும் கண்ணில் படும்.

அப்புறம் நடுத்தர நிறங்கள். பச்சையை வெள்ளைக்குப் பக்கத்தில் வைத்தால் அடர், கருநீலத்துக்குப் பக்கத்தில் வைத்தால் வெளிர். பட்டைகளை அடுக்கி, போனில் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நிறத்தால் வேறுபட்ட சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகப் போய்விட்டால் அவை இரண்டையும் எதிரெதிர் அணியில் வைக்க முடியாது. பெரிய பூப்போட்ட துணியையும் ஒரு முறை பட்டையாக வெட்டிப் பார்த்துவிடுங்கள். ஒரு துண்டு வெளிராகவும் அடுத்த துண்டு அடராகவும் வந்தால் எல்லைக் கோடு உடைந்துவிடும். பழைய வழக்கப்படி நடுச்சதுரம் சிவப்பு, வீட்டின் அடுப்பைக் குறிப்பதாகச் சொல்வார்கள். அதை வைத்துக்கொள்வதும் விடுவதும் உங்கள் விருப்பம். வளைய முறையில் வைப்பதென்றால் முதல் சுற்று வெளிராக இருந்தால் அது எடுப்பாகத் தெரியும்.