கேனான் 1500டி-யா, ஆர்50-யா? முதல் கேமரா வாங்குகிறவர்களுக்கு

ஜூன் மாதம் வந்தால் போதும், விஸ்காம் சேர்ந்த பிள்ளைகளின் அப்பாக்கள் யாராவது ஒருவர் போன் செய்து "டிஎஸ்எல்ஆர் ஒண்ணு வாங்கணும், எது நல்லது?" என்று கேட்பார்கள். கடைக்குப் போனால் இன்றும் முதலில் எடுத்து வைப்பது கேனான் 1500டி-யைத்தான், கேமராவோடு சேர்த்துத் தரும் கிட் லென்ஸோடு 40,000 ரூபாயைக் கொஞ்சம் தாண்டி வரும். பக்கத்திலேயே அதைவிடச் சின்னதாக ஆர்50 உட்கார்ந்திருக்கும், அது டிஎஸ்எல்ஆர் போல உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வகை, அது கிட் லென்ஸோடு 70,000-ஐ ஒட்டி (பண்டிகை ஆஃபரில் இரண்டுமே இறங்கும்). சின்னதற்கு எதற்கு இவ்வளவு விலை என்ற கேள்வி வருவது இயல்புதான். வீட்டில் இரண்டுமே இருக்கின்றன, 1500டி தம்பியுடையது, ஆர்50 என்னுடையது, இரண்டையும் மாற்றி மாற்றிக் கல்யாணம், கோயில் திருவிழா, பறவை என்று எல்லாவற்றுக்கும் எடுத்துப் போயிருக்கிறோம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: புதிதாக வாங்கினால் ஆர்50 வாங்குங்கள், அவ்வளவு பணம் இல்லையென்றால் புது 1500டி வாங்காதீர்கள், செகண்ட் ஹேண்டில் கேனானின் இன்னொரு டிஎஸ்எல்ஆரான 200டி மார்க் 2 தேடுங்கள்.

படத்தின் தரத்தைப் பற்றிப் பேச அதிகமில்லை. இரண்டிலும் 24 மெகாபிக்சல், இரண்டிலும் படம் பிடிக்கும் சென்சார் ஏபிஎஸ்-சி என்ற அளவு, சுமார் 22.3க்கு 14.9 மில்லிமீட்டர். 2018-இல் வந்த 1500டி-யிலும் 2023-இல் வந்த ஆர்50-இலும் நல்ல வெயிலில், ஒரே லென்ஸில் எடுத்தால் ஏ4 பிரிண்டில் எது எதனுடையது என்று எனக்கே தெரியாது. இருட்டில் ஆர்50 கொஞ்சம் முன்னால் நிற்கும், அவ்வளவுதான்.

வித்தியாசம் இருப்பது ஃபோகஸில். 1500டி-யின் வியூஃபைண்டருக்குள் பார்த்தால் ஒன்பது புள்ளிகள் தெரியும், ஒன்பதும் நடுவில் வைர வடிவத்தில் கூடி நிற்கும், அதிலும் நடுப்புள்ளி மட்டும்தான் குறுக்கும் நெடுக்குமாகப் பார்க்கும் கிராஸ் டைப், மற்ற எட்டும் வெளிச்சம் குறைந்தால் தடவ ஆரம்பித்துவிடும். அதனால் என்ன செய்வோம்? நடுப்புள்ளியை ஆளின் கண்ணில் வைத்து, ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தி, அப்படியே கேமராவைத் திருப்பி ஃபிரேமை அமைத்து எடுப்போம். கிட் லென்ஸில் இது பிரச்சினையே இல்லை. ஆனால் எல்லோரும் அடுத்ததாக வாங்குவது 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அதிகம் திறக்கும், வெளிச்சமும் அதிகம் வரும்), அதை முழுதாகத் திறந்து ஒன்றரை மீட்டர் தூரத்தில் ஒருவரை எடுத்தால் கூர்மையாக விழும் ஆழம் மொத்தமே ஆறு சென்டிமீட்டர்தான். கேமராவைத் திருப்பும்போது நீங்கள் கொஞ்சம் முன்னால் சாய்ந்தாலோ, மணப்பெண் ஒரு மூச்சு விட்டு நகர்ந்தாலோ கண் மங்கிக் காதோரம் ஜிமிக்கி கூர்மையாக வந்திருக்கும். பின்திரையில் பார்க்கும்போது எல்லாம் சரியாகத்தான் தெரியும், வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கும்போதுதான் வயிறு எரியும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் பார்ப்பது படம் பிடிக்கிற சென்சார் அல்ல, கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தனி சென்சார். இரண்டுக்கும் தூரம் துல்லியமாகப் பொருந்தாவிட்டால் ஒவ்வொரு படத்திலும் ஃபோகஸ் ஒரே பக்கமாக முன்னாலோ பின்னாலோ தள்ளி விழும். விலை அதிகமான பாடிகளில் இதை மெனுவிலேயே சரி செய்துகொள்ளலாம், 1500டி-யில் அந்த வசதி கிடையாது, சர்வீஸ் சென்டர்தான் கதி. மிரர்லெஸ்ஸில் படம் விழும் சென்சாரே ஃபோகஸும் பார்க்கிறது, அதனால் இந்தத் தகராறே இல்லை. ஆர்50-இல் ஃபிரேமின் ஓரத்தில் நிற்கிற ஆளின் கண்ணைக்கூடப் பிடித்துக்கொண்டு அவர் நடக்க நடக்கப் பின்னாலேயே போகும். முகூர்த்த நேரத்தில் தாலி கட்டுகிற அந்தச் சில நொடியில், சுற்றிலும் சொந்தக்காரர்கள் அட்சதையோடு முண்டியடிக்கும்போது, மாப்பிள்ளை முகத்தை விடாமல் பிடித்து வைத்திருக்கும் கேமராவுக்குக் கூடுதலாகக் கொடுக்கிற 30,000 நியாயமானதுதான் என்பேன்.

சரி, வியூஃபைண்டர். கண்ணாடி வழியாக நேரடியாகப் பார்ப்பதுபோல் வராது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள், நல்ல பெரிய டிஎஸ்எல்ஆருக்கு அது உண்மைதான். 1500டி-யில் இருப்பது சிறு கண்ணாடிகளை அடுக்கிய பென்டாமிரர், சிறியது, மங்கல், படத்தில் விழுவதில் 95 சதவீதத்தைத்தான் காட்டும், ஓரத்தில் நிற்கும் குப்பைத்தொட்டி படத்தில்தான் தெரியவரும். ஆர்50-இல் எலெக்ட்ரானிக் வியூஃபைண்டர், அதுவும் ஒன்றும் பிரமாதமில்லை, மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்குச் சின்னதுதான். ஆனால் டயலைத் திருப்பத் திருப்ப வெளிச்சம் ஏறுவதும் இறங்குவதும் எடுப்பதற்கு முன்பே கண்ணில் தெரிகிறது. டிஎஸ்எல்ஆரில்தான் எக்ஸ்போஷர், அதாவது படத்துக்கு எவ்வளவு வெளிச்சம் வைப்பது என்பதைக் கற்றுக்கொள்ள முடியும் என்று சில ஆசிரியர்கள் இன்னும் பிடிவாதமாகச் சொல்வது எனக்குப் புரிவதே இல்லை. ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்கான உணர்திறனை) ஏற்றினால் என்ன ஆகும் என்பது உடனே கண்ணுக்குத் தெரிந்தால் பிள்ளை சீக்கிரம் கற்றுக்கொள்வானா, எடுத்துவிட்டுத் திரையில் பார்த்துத் திருத்தினால் சீக்கிரம் கற்றுக்கொள்வானா?

இதோடு இன்னொன்று. வியூஃபைண்டரே இல்லாத மிரர்லெஸ்கள் இருக்கின்றன, சோனி இசட்வி-இ10, நிக்கான் இசட்30 போன்றவை. வீடியோ மட்டும் எடுப்பவர்களுக்கு நல்ல கேமராக்கள். ஆனால் சித்திரை வெயிலில் தேர் பார்க்கப் போய்ப் பின்திரையை மட்டும் நம்பிப் படம் எடுத்துப் பாருங்கள், திரையில் உங்கள் முகம்தான் தெரியும்.

வீடியோ என்றால் யோசிக்கவே வேண்டாம். 1500டி-யில் முழு எச்டி மட்டும்தான், மைக் மாட்ட ஓட்டை இல்லை, திரை திரும்பாது, தொட்டாலும் வேலை செய்யாது, ஃபோகஸ் முன்னும் பின்னும் ஆடும். ஆர்50-இல் ஓரம் வெட்டாத 4கே, மைக் ஜாக், பக்கவாட்டில் திறந்து திரும்பும் தொடுதிரை எல்லாம் உண்டு. குறும்படம், யூடியூப் என்று ஏதாவது மனதில் இருந்தால் இந்த ஒப்பீட்டை இங்கேயே நிறுத்திவிடலாம்.

ஆர்50-ஐ இவ்வளவு புகழ்ந்தாயிற்று, அதன் குறைகளையும் சொல்லவேண்டும், கடையில் சொல்ல மாட்டார்கள். முதல் குறை கூடவே வரும் 18-45 லென்ஸ். முழுதாக ஜூம் செய்தால் எஃப் 6.3, மண்டபத்து டியூப்லைட்டில் ஐஎஸ்ஓ ஏறிக்கொண்டே போகும். 1500டி-யோடு வரும் பழைய 18-55 லென்ஸில் 55 வரை போகலாம், அங்கேயும் எஃப் 5.6. பாடியில் ஆட்டத்தைத் தாங்கும் வசதி இரண்டு கேமராவிலுமே இல்லை, அதனால் 50 எம்எம் மாட்டினால் கை நடுங்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. இரண்டாவது, மேலே இருக்கும் ஃபிளாஷ் ஷூ. ஆர்50-இல் புதுவகைப் பின்கள் மட்டுமே இருப்பதால் உங்களிடமோ நண்பரிடமோ இருக்கும் பழைய ஸ்பீட்லைட்டை (கேனானின் ஃபிளாஷை) அப்படியே மாட்ட முடியாது, ஏடி-இ1 என்ற அடாப்டர் தனியாக வாங்கவேண்டும். நடுப்பின்னை மட்டும் நம்பி வேலை செய்கிற மலிவான மேனுவல் ஃபிளாஷ் எரியவே எரியாது. (200டி மார்க் 2-இலும் அந்த நடுப்பின்னைக் கேனான் எடுத்துவிட்டது, ஆகவே ஃபிளாஷ் வைத்து வேலை பார்க்கிறவர்கள் எதை வாங்கினாலும் முதலில் ஃபிளாஷைக் கடைக்கு எடுத்துப்போய் மாட்டி அடித்துப் பாருங்கள்.)

பேட்டரியும் அப்படித்தான். 1500டி ஒரு சார்ஜில் 500 படம் என்பது கம்பெனிக் கணக்கு. நிக்கான் டி3500 என்று ஒன்று இருந்தது, அதற்கு 1,550. ஆர்50 வியூஃபைண்டரில் கண் வைத்து எடுத்தால் 500-ஐ எட்டாது, பார்த்துக்கொண்டிருந்தாலே பேட்டரி கரையும், கல்யாணத்துக்குப் போனால் பையில் இன்னொன்று கட்டாயம். வேடந்தாங்கல் மாதிரி இடத்தில் பறவை எப்போது பறக்கும் என்று நெடுநேரம் வியூஃபைண்டரிலேயே கண் வைத்துக் காத்திருப்பவர்களுக்கு டிஎஸ்எல்ஆர்தான் இன்னும் சுகம், அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் பறவை கிளம்பியபிறகு 1500டி நொடிக்கு மூன்று படம், ஆர்50 பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டும் சென்சார் தகவலை அப்படியே சேமிக்கும் ரா ஃபைலில் ஓரிரு நொடி ஓடியதும் மூச்சு வாங்கி நின்றுவிடும் என்பது வேறு விஷயம், விட்டு விட்டு அடிக்கப் பழகவேண்டும். அப்புறம் சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரை மேடை எல்இடி விளக்குகளுக்கு அடியில் பயன்படுத்தாதீர்கள், படம் முழுக்கக் கோடு கோடாக விழும்.

எடையைப் பற்றிப் பெரிதாகப் பேசுகிறார்கள். 1500டி பேட்டரி, கார்டோடு 475 கிராம், 18-55 லென்ஸ் 200 கிராம். ஆர்50 375, அதன் லென்ஸ் 130. மொத்த வித்தியாசம் 170 கிராம். தோளுக்கு அது ஒன்றுமே இல்லை, பையில் அடைக்கும் இடம்தான் குறைகிறது. மாறாக என் கைக்கு ஆர்50-இன் பிடி போதவில்லை, சுண்டுவிரல் அடியில் தொங்குகிறது.

விலை இடையில் விழுகிறதே என்று கேனானின் இன்னொரு மிரர்லெஸ்ஸான ஆர்100-ஐக் காட்டுவார்கள். படம் மட்டும் என்றால் 1500டி-யைவிட மேல், கண்ணைப் பிடிக்கும். ஆனால் தொடுதிரை இல்லை, திரை திரும்பாது, 4கே எடுத்தால் ஃபிரேமின் ஓரம் வெட்டுப்படும், ஃபோகஸும் மந்தமாகிவிடும். இந்தக் காலத்தில் திரையைத் தொட்டு ஃபோகஸ் வைக்க முடியாத கேமராவைப் பிள்ளை கையில் கொடுத்தால் அவன் போனையே எடுப்பான்.

ஆகவேதான் 200டி மார்க் 2. 2019-இல் வந்தது, வியூஃபைண்டர் வழியாகப் பார்த்தால் அதே ஒன்பது புள்ளிதான். ஆனால் லைவ் வியூ போட்டுத் திரையைப் பார்த்து எடுத்தால் ஃபோகஸ் கிட்டத்தட்ட மிரர்லெஸ் மாதிரி நடந்துகொள்கிறது, கண்ணையும் தேடிப் பிடிக்கிறது, திரை திரும்புகிறது, மைக் ஜாக்கும் உண்டு. இதற்கு 1987 முதல் வந்துகொண்டிருக்கும் ஈஎஃப் லென்ஸ்கள் எல்லாம் பொருந்தும், எல்லோரும் மிரர்லெஸ்ஸுக்கு மாறுவதால் 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம், 55-250 எஸ்டிஎம் இரண்டும் செகண்ட் ஹேண்டில் சல்லிசாகக் கிடைக்கின்றன. நாளைக்கு ஆர் வரிசைக்கு மாறினாலும் அடாப்டர் போட்டு இவற்றைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். ஆர்50-க்கு ஏபிஎஸ்-சி லென்ஸ் வெகுநாள் பஞ்சமாகவே இருந்தது, 2024-இல் சிக்மாவும் டாம்ரானும் உள்ளே வந்தபிறகுதான் மூச்சுவிட முடிகிறது. அந்த சிக்மா 18-50 எஃப் 2.8 அருமை, ஆனால் அதற்கும் காசு வேண்டுமே.

செகண்ட் ஹேண்டில் எடுக்கும்போது ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது என்று கேட்டால் விற்பவர் ஒரு எண் சொல்வார். கேனானில் அந்த எண் நிக்கான் போலப் படத்தின் தகவலில் வராது, அதனால் வாய்ச்சொல்லை மட்டும் நம்பாதீர்கள், பட்டன்களின் தேய்மானத்தையும் பிடி ரப்பரின் நிலையையும் பாருங்கள். லென்ஸைக் கழற்றிப் பின்பக்கமிருந்து போன் டார்ச்சை அடித்துப் பார்த்தால் பூஞ்சை சிலந்திவலை மாதிரித் தெரியும், சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் பீரோவில் கிடந்த லென்ஸ் என்றால் இதைக் கட்டாயம் செய்யுங்கள். எஃப் 16-இல் வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுத்தால் சென்சார் தூசி கறுப்புப் புள்ளியாக வரும், அது சுத்தம் செய்தால் போய்விடும், ஆனால் விலையில் ஐந்நூறோ ஆயிரமோ குறைக்கச் சொல்லலாம். புதிது வாங்கினால் பில்லில் சீரியல் நம்பர் எழுதி வாங்குங்கள், "காம்போ" என்று சொல்லித் தலையில் கட்டும் பை, ஆடுகிற டிரைபாட், பெயர் தெரியாத யுவி ஃபில்டர் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அந்தப் பணத்தில் இன்னொரு ஒரிஜினல் பேட்டரி கேளுங்கள்.