கன்டெய்னருக்கு நம் ஊர் நேரம்: டிஇசட் வேரியபிளா, லோக்கல்டைம் ஃபைலா?

வீட்டு சர்வரில் டாக்கர் (புரோகிராம்களைக் கன்டெய்னர் எனும் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி) ஓட்டுபவர்களுக்கு இது தெரிந்த தொல்லைதான். சர்வர் இந்திய நேரத்தில் இருக்கும், உள்ளே கன்டெய்னர் யூடிசியில், அதாவது நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரத்தில் இருக்கும். இரவு 2 மணிக்குப் போட்டுவைத்த பேக்கப், காலை 7:30க்கு எல்லோரும் நெட்டில் இருக்கும்போது கிளம்பும். விளம்பரங்களைத் தடுக்கும் பை-ஹோலின் லாக் நள்ளிரவுக்குப் பதில் விடிகாலை 5:30க்கு மாறும்.

இதற்கு வழக்கமான வழிகள் இரண்டு. சர்வரின் நேர மண்டலத்தைச் சொல்லும் லோக்கல்டைம் ஃபைலை ரீட்-ஒன்லியாக உள்ளே மவுன்ட் செய்யலாம் (இணைக்கலாம்), அல்லது நேர மண்டலத்தைக் குறிக்கும் டிஇசட் வேரியபிளில் ஆசியா/கொல்கத்தா என்று கொடுக்கலாம். இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் டிஇசட்டுக்கு மாற்றிவிட்டேன்.

மவுன்ட் வழி சுலபம்தான். கன்டெய்னர் உருவாகும் இமேஜுக்குள், நேர மண்டல விவரங்கள் அடங்கிய டிஇசட்டேட்டா பேக்கேஜ் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். ஆனால் டெபியன் இமேஜ்களில் லோக்கல்டைம் என்பது தனி ஃபைல் அல்ல, யூடிசி மண்டல ஃபைலைச் சுட்டிக்காட்டும் சிம்லிங்க் (குறுக்குவழி). மவுன்ட் அந்த லிங்க்கைப் பின்தொடர்ந்து போய், யூடிசி ஃபைலின் மேலேயே உட்கார்ந்துவிடும். டேட் கமாண்ட் சரியான நேரம் காட்டும். அதே கன்டெய்னரில் யூடிசி மண்டலத்தைப் பெயர் சொல்லி நேரம் கேட்டால், அதற்கும் இந்திய நேரமே வரும்! அந்த மண்டல ஃபைலைப் படித்து லாக்கை யூடிசியில் எழுதும் புரோகிராம் ஒன்று உள்ளே இருந்தால் ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போகும், காரணம் லேசில் பிடிபடாது.

டிஇசட்டில் எனக்குப் பிடித்தது பராமரிப்பு. கன்டெய்னர்களின் அமைப்பை எழுதிவைக்கும் கம்போஸ் ஃபைலுக்குப் பக்கத்தில் இருக்கும் என்வ் ஃபைலில் ஒரே ஒரு வரி, கம்போஸ் ஃபைலில் ஒவ்வொரு சர்வீஸுக்கும் அதைச் சுட்டிவிட்டால் போதும். சர்வரை வேறு மெஷினுக்கு மாற்றினால் அந்த ஃபோல்டரோடு நேரமும் வந்துவிடும். புது மெஷினின் நேர அமைப்பை நம்பியிருக்க வேண்டாம். மண்டலத்தின் பெயரும் அப்படியே உள்ளே போகிறது, எந்தப் புரோகிராமும் ஊகிக்க வேண்டியதில்லை.

குறை ஒன்று உண்டு. அல்பைன், உபுண்டு அடிப்படை இமேஜ்களில் டிஇசட்டேட்டா இருக்காது. அப்போது எர்ரர் எதுவும் வராது, சத்தமில்லாமல் யூடிசியே ஓடும். உபுண்டுவில் டேட் கமாண்ட் கொடுத்தால் நேரத்துக்குப் பக்கத்தில் ‘ஆசியா’ என்று மட்டும் நிற்கும். அதைப் பார்த்தால் டிஇசட்டேட்டா இல்லை என்று புரிந்துகொள்ளலாம். டாக்கர்ஃபைலில் அந்தப் பேக்கேஜைச் சேருங்கள். அவசரத்துக்கு டிஇசட்டில் ஐஎஸ்டி-5:30 என்று கொடுத்தாலும் ஓடும். கிரீன்விச்சுக்குக் கிழக்கே இருக்கும் மண்டலங்களுக்கு அங்கே மைனஸ்தான், பிளஸ் போட்டுவிடாதீர்கள். கோடைக்கால நேர மாற்றம் இல்லாததால் நமக்கு இது போதும்.

வேரியபிளை மாற்றியபின் ரீஸ்டார்ட் செய்தால் பலன் இருக்காது. கம்போஸ் அப் கொடுத்துக் கன்டெய்னரைப் புதிதாக உருவாக்க வேண்டும்.

டாக்கருக்கு மாற்றான பாட்மேனில் சர்வர் நேரத்தையே எடுத்துக்கொள்ள டிஇசட் ஆப்ஷனில் லோக்கல் என்று கொடுக்கும் வசதி இருக்கிறது. நான் அதில் அதிகம் புழங்கியதில்லை, அதனால் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. அப்புறம், போஸ்ட்கிரெஸ் போன்ற டேட்டாபேஸ்களை யூடிசியிலேயே விட்டுவிடுங்கள். நேரத்தை மாற்றிக் காட்டும் வேலையை அதைப் படிக்கும் ஆப் பார்த்துக்கொள்ளட்டும்.