ஷோரூம் இன்சூரன்ஸோடு பெரிய தள்ளுபடியா, வெளி இன்சூரன்ஸோடு சின்னத் தள்ளுபடியா?

சென்னையில் எந்த கார் ஷோரூமில் விலை பேச உட்கார்ந்தாலும் பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்: "இன்சூரன்ஸ் நம்மகிட்டயே போட்டுக்கோங்க சார், இருபத்தஞ்சாயிரம் குறைச்சுத் தர்றேன். வெளிய போட்டா பதினஞ்சுக்கு மேல முடியாது." கேட்டவுடன் முதலாவதே லாபம் என்று தோன்றும். நான் தேர்ந்தெடுத்தது இரண்டாவதை. ஏன் என்பதையும், முதலாவது எப்போது பொருந்தும் என்பதையும் சொல்கிறேன்.

கம்பெனி அறிவிக்கும் சலுகை, எக்ஸ்சேஞ்ச் போனஸ், கார்ப்பரேட் தள்ளுபடி ஆகியவற்றில் பேரத்துக்கு அதிகம் இடமில்லை. தகுதி இருந்தால் எந்த டீலரிடமும் ஏறக்குறைய அதே தொகை கிடைக்கும். டீலர் தன் கையிலிருந்து விட்டுக்கொடுப்பது கார் மீதான தன் லாபத்தில் ஒரு பங்கு, இன்சூரன்ஸ் கமிஷன், ஆக்சசரீஸ் லாபம், லோன் மூலம் வரும் பணம் ஆகியவற்றிலிருந்துதான். அந்தப் பத்தாயிரம் கூடுதல் தள்ளுபடியின் பெரும்பகுதி நீங்கள் கட்டப்போகும் பிரீமியத்திலிருந்தே வருகிறது. ஆகவே தள்ளுபடித் தொகையைத் தனியாகப் பார்ப்பதில் பொருளில்லை. பிரீமியத்தையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

புதுக் காருக்கு 3 வருட தேர்ட் பார்ட்டி கவர் (நம் காரால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது) கட்டாயம், 2018 செப்டம்பரிலிருந்து. அதன் பிரீமியம் அரசு நிர்ணயித்தது. 2022 ஜூன் விகிதப்படி 1000 முதல் 1500 சிசி வரையிலான காருக்கு 10,640 ரூபாய், ஜிஎஸ்டி தனி. இதில் எந்தக் கம்பெனியும் ஒரு ரூபாய் குறைக்க முடியாது. விலை மாறுவது ஒரு வருட ஓன் டேமேஜ் பகுதியிலும் (நம் காரின் சேதத்துக்கானது) ஆட்-ஆன்களிலும் (கூடுதல் பணம் கட்டிச் சேர்ப்பவை) மட்டுமே. எடுத்துக்காட்டுக்கு, ஷோரூம் பாலிசி 48,000, அதே கவர் வெளியே 34,000 என்று வைத்துக்கொள்வோம். முதல் வழியில் தள்ளுபடி 25,000 போக நிகரச் செலவு 23,000. இரண்டாம் வழியில் 15,000 போக 19,000. சின்னத் தள்ளுபடி வாங்கியவர் கையில் 4,000 மிச்சம். உங்கள் காருக்கான எண்கள் வேறாக இருக்கும், கணக்குப் போடும் முறை இதுதான்.

"அதே கவர்" என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஆன்லைனில் மலிவாகக் காட்டும் கொட்டேஷனில் ஐடிவி (கார் முழுதாகப் போனால் கிடைக்கும் உச்சத் தொகை) குறைந்திருக்கும். புதுக் காருக்கு அது எக்ஸ்ஷோரூம் விலையில் 95 சதவீதம் இருக்க வேண்டும். அடுத்து ஆட்-ஆன்கள். சென்னைக்கு ஜீரோ டெப் (மாற்றும் பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் க்ளெய்ம் தருவது) மட்டும் போதாது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. மழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தில் காரை நிறுத்துவது சும்மா இல்லை. தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்தால் ஏர் இன்டேக் வழியாகச் சிலிண்டருக்குள் நீர் ஏறும். நீரை அமுக்க முடியாது என்பதால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். சாதாரண பாலிசி உள்ளே நனைந்த சீட், கார்ப்பெட் செலவைத் தரும், இந்த எஞ்சின் சேதத்தைத் தராது. அதற்கு எஞ்சின் புரொடெக்ட் தனியாக வேண்டும். காரே முழுதாகப் போனால் ரோடு டாக்ஸும் திரும்பக் கிடைக்க ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் வேண்டும். தமிழ்நாட்டு வரி விகிதத்துக்கு இதை விட்டுவிடக் கூடாது. ஷோரூம் பிரின்ட் அவுட்டில் இந்த இரண்டும் இருக்கின்றனவா என்று வரி வரியாகப் பாருங்கள். தேவையில்லாத டயர் கவரும் சாவி கவரும் சேர்ந்திருக்கும், எஞ்சின் புரொடெக்ட் விடுபட்டிருக்கும்.

பழைய காரை விற்றவர்கள் நோ க்ளெய்ம் போனஸை (க்ளெய்ம் எடுக்காத வருடங்களுக்கான தள்ளுபடி) கேட்டு வாங்குங்கள். அது காருக்கு அல்ல, உரிமையாளருக்குச் சொந்தம். பழைய இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கடிதம் வாங்கினால் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 20 முதல் 50 சதவீதம் வரை குறையும், 3 வருடத்துக்குள் பயன்படுத்த வேண்டும். எந்த வழியில் போனாலும் இது பொருந்தும்.

இலவச ஆக்சசரீஸ் கணக்கு எளிது. மேட், மட் ஃப்ளாப், பாடி கவர், சீட் கவர் எல்லாம் கார் சாமான் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கிடைக்கும். அங்கே ஒரு முறை விலை கேட்டுவிட்டு வந்தால் "இருபதாயிரம் மதிப்புள்ள கிட்" உண்மையில் எவ்வளவு என்று தெரிந்துவிடும். சைடு ஏர்பேக் உள்ள காருக்கு சீட் கவர் வாங்கினால் ஏர்பேக் விரியும் பக்கத்தில் அதற்கான தையல் இருக்க வேண்டும். கேமரா, ஹார்ன், லைட் போன்ற மின்சாரச் சாமான்களை மட்டும் ஷோரூமிலேயே போடலாம். வெளியே வயரை வெட்டி இணைத்தால் வாரன்டியில் தகராறு வரும்.

இன்னொன்று, பேரத்தைவிடப் பெரிய தொகை. 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் ஆயுள் வரி (ஒரே முறை கட்டும் ரோடு டாக்ஸ்) 10 லட்சம் வரை 13 சதவீதம் (5 லட்சத்துக்குள் 12), 10 லட்சத்தைத் தாண்டி 20 லட்சம் வரை 18 சதவீதம். 9.98 லட்சம் காருக்கு வரி 1,29,740. 10.15 லட்சம் காருக்கு 1,82,700. விலையில் 17,000 வித்தியாசம், வரியில் ஏறக்குறைய 53,000. மேலும் 10 லட்சத்தைத் தாண்டினால் ஒரு சதவீத டிசிஎஸ் (டீலர் நம்மிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) உண்டு. அது வருமான வரிக் கணக்கில் திரும்பி வரும், ஆனாலும் அப்போதைக்குக் கையிலிருந்து போகும். தள்ளுபடி வாங்கி இந்தக் கோட்டுக்குக் கீழே வந்துவிடலாம் என்று நம்ப வேண்டாம். பெரும்பாலும் தள்ளுபடிக்கு முந்தைய விலைக்கே வரி போடுகிறார்கள். வேரியன்ட்டைத் தேர்வு செய்யும்போதே பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

வெளி இன்சூரன்ஸ் என்று முடிவெடுத்தால் வரிசை முக்கியம். முதலில் ஒரே பிராண்டின் இரண்டு மூன்று டீலர்களிடம், மாதக் கடைசி வாரத்தில், பிரேக்அப்போடு எழுத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். ஹேண்டிலிங் சார்ஜ், லாஜிஸ்டிக்ஸ், டெஃப்லான் கோட்டிங் இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். புக்கிங் தொகை கட்டுமுன் "இன்சூரன்ஸ் வாடிக்கையாளருடையது" என்று புக்கிங் ஃபார்மில் எழுதி வாங்குங்கள். இன்சூரன்ஸைக் கட்டாயப்படுத்த டீலருக்கு உரிமை இல்லை. கார் ஒதுக்கியதும் சேஸிஸ், எஞ்சின் நம்பரை வாங்கிப் பாலிசி எடுங்கள். ஒரு எழுத்து தவறினாலும் பதிவு நின்றுவிடும். லோன் இருந்தால் வங்கியின் பெயர் ஹைப்போதிகேஷனில் (கார் லோனுக்கு ஈடு என்ற குறிப்பில்) சரியாக வர வேண்டும். நம்பர் தருவதை இழுத்தடித்து டெலிவரி தேதியைக் காட்டி நெருக்குவார்கள், அதற்காக இரண்டு மூன்று நாள் அவகாசம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஷோரூம் இன்சூரன்ஸுக்கு உள்ள உண்மையான பலம் க்ளெய்ம் நேரத்தில் தெரியும். சேதத்தை மதிப்பிடும் சர்வேயரை வரவழைப்பது, பேப்பர் பார்ப்பது எல்லாம் அவர்கள் ஆளே செய்துவிடுவார். வெள்ளம் போல ஒரே சமயத்தில் எல்லாரும் வரிசையில் நிற்கும்போது இது எவ்வளவு உதவும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. வெளியே எடுப்பவர்கள் வீட்டுக்கு அருகிலுள்ள அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் அந்த இன்சூரன்ஸ் கம்பெனியின் கேஷ்லெஸ் (கம்பெனியே பில்லை நேரடியாகக் கட்டும்) பட்டியலில் இருக்கிறதா என்று அந்த சென்டருக்கே போன் செய்து கேளுங்கள். இல்லையென்றாலோ, ஷோரூம் பிரீமியம் வெளி விலைக்கு மூவாயிரம் நாலாயிரம் அருகில் இறங்கி வந்தாலோ, அங்கேயே போட்டுக்கொள்வதில் தவறில்லை. வெளி கொட்டேஷனை மேஜையில் வைத்தபின் பிரீமியம் அப்படி இறங்குவது அடிக்கடி நடக்கும்.