சிப்பாயின் மூச்சை எதால் அளப்பது: பெட்டியா, ஸ்டாப்வாட்சா, பீப் ஒலியா, முதுகு மூட்டையா?

ராணுவத்தின் ஓட்டத் தேர்வு என்றாலே ‘எத்தனை நிமிடத்தில் முடித்தான்?’ என்பதுதான் முதல் கேள்வி. அந்த நிமிடம் எதைக் காட்டுகிறது என்று கேட்பவர்கள் குறைவு. தெரிய வேண்டியது, உச்சகட்ட உழைப்பில் உடல் நிமிடத்துக்கு எவ்வளவு ஆக்ஸிஜனைப் பயன்படுத்திக்கொள்கிறது என்பது. முகமூடி மாட்டி ட்ரெட்மில்லில் ஓடவிட்டு, வெளிவரும் காற்றை அலசினால் அது துல்லியமாகத் தெரிந்துவிடும். ஆனால் ஒரு பட்டாலியனையே அப்படி ஆளுக்கு ஆள் கருவி பூட்டிச் சோதிப்பது நடக்கிற காரியமில்லை. அதனால்தான் இத்தனை குறுக்குவழிகள்.

முதலில் பெட்டி. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஹார்வர்டு களைப்பு ஆய்வுக்கூடத்தில் பிறந்த படியேற்றச் சோதனை இது. (அந்த ஆய்வுக்கூடம் இயங்கியது வணிகவியல் பள்ளியின் நிலவறையில்!) 20 அங்குலப் பெட்டியில் நிமிடத்துக்கு 30 முறை வீதம் 5 நிமிடம் ஏறி இறங்க வேண்டும். பிறகு உட்காரவைத்து மூன்று முறை, ஒவ்வொன்றும் அரை நிமிடம், நாடி பார்க்க வேண்டும். 80, 65, 55 என்று வந்தால் கூட்டுத்தொகை 200. ஏறிய 300 விநாடியை நூறால் பெருக்கி, 200-இன் இரு மடங்கால் வகுத்தால் 75, பரவாயில்லை ரகம். மைதானம் வேண்டாம், மழையில் நிற்காது. ஆனால் நாடி ஒரு நம்பிக்கைத் துரோகி. வெயில், காபி, பதற்றம் எல்லாம் அதை ஏற்றிவிடும். குள்ளமானவருக்கு 20 அங்குலம் கூடுதல் தண்டனை. இடமே இல்லாத முகாமுக்குச் சரி. பதவி உயர்வையோ வேலையையோ இதை நம்பித் தீர்மானிக்க மாட்டேன்.

அடுத்தது ஓட்டம். அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர், 115 பேரை 12 நிமிடம் ஓடவிட்டு, ஓடிய தூரம் ட்ரெட்மில் அளவோடு நெருக்கமாக ஒத்துப்போவதை 1968-இல் காட்டினார். அவருடைய சமன்பாட்டின்படி 2,400 மீட்டர் ஓடியவரின் திறன், உடல் எடையில் கிலோவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 42 மில்லிலிட்டர் ஆக்ஸிஜன். 2,800 மீட்டர் என்றால் 51. பின்லாந்து தன் கட்டாயச் சேவை இளைஞர்களுக்கு 1970-களிலிருந்து இதையே நடத்திவருகிறது. அந்தப் பிடிவாதத்துக்குப் பலனும் உண்டு: அப்பத்தாண்டின் இறுதியில் 2,700 மீட்டரைத் தாண்டியிருந்த சராசரி, 2004 வாக்கில் 2,450-க்கும் கீழே இறங்கியது பளிச்சென்று தெரிந்தது.

இதற்கு நேரடிப் போட்டி, தூரத்தை நிலையாக வைத்து நேரத்தைக் குறிப்பது. இந்திய ராணுவத்தில் நெடுங்காலம் நடந்துவந்த உடல்திறன் தேர்வில் 2.4 கிலோமீட்டர், அமெரிக்கத் தரைப்படையில் 2 மைல், மரைன் படையில் 3 மைல். உடலியல் கண்ணோட்டத்தில் 12 நிமிடமும் 2.4 கிலோமீட்டரும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் ஹவில்தாரின் தலைவலியில் இருக்கிறது. 12 நிமிடம் முடிந்து விசில் ஊதியதும் ஆளுக்கு ஓர் இடத்தில் நிற்பார்கள். யார் எந்தச் சுற்றில், எந்தக் குறியில் என்று எண்ண ஆட்கள் வேண்டும். நிலையான தூரத்தில் எல்லாரும் ஒரே கோட்டுக்கு வந்து சேர்கிறார்கள். ஒரு ஸ்டாப்வாட்சும் ஒரு குறிப்பேடும் போதும். என் ஓட்டு 2.4-க்கு.

இந்திய ராணுவ ஆள்சேர்ப்பு முகாமின் 1.6 கிலோமீட்டரை இதோடு சேர்க்காதீர்கள். அங்கே 5 நிமிடம் 30 விநாடிக்குள் வந்தால் 60 மதிப்பெண். அதாவது மணிக்கு 17 கிலோமீட்டருக்கு மேல். அந்த வேகத்தில் கால்களின் துரிதமும், ஆக்ஸிஜன் இல்லாமல் தசை திரட்டும் சக்தியும் கணிசமாகக் கைகொடுக்கும். கூட்டத்தை வடிகட்ட நல்ல சல்லடை. மூச்சுத் திறனுக்கு அரைகுறை அளவுகோல்.

பீப் டெஸ்ட், மொன்ட்ரியாலில் லூக் லெஜே உருவாக்கியது. 20 மீட்டர் இடைவெளியில் ஒலிக்கு ஒலி ஓடித் திரும்ப வேண்டும்; மணிக்கு 8.5 கிலோமீட்டரில் தொடங்கி நிமிடத்துக்கு அரை கிலோமீட்டர் கூடும். வேகத்தை ஒலிநாடாவே பார்த்துக்கொள்வதால், முதல் சுற்றிலேயே பாய்ந்து மூச்சுவாங்கும் புதியவருக்கு இது நியாயமானது. ஆஸ்திரேலிய ராணுவத்தில் சேர 7.5 நிலை (ஏழாம் கட்டத்தின் ஐந்தாவது ஓட்டம்) வேண்டும். ஆனால் ஒவ்வொரு திருப்பமும் முழங்காலுக்கு வேலை. வழுக்கும் தரையில் திறனைவிட ஷூதான் ஜெயிக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஓட்டை ஒன்று உண்டு: வெறுங்கையோடு ஓடினால் ஒல்லியானவருக்கே யோகம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 55 கிலோ சிப்பாயின் திறன் கிலோவுக்கு 54 மில்லிலிட்டர். 80 கிலோ சிப்பாயின் திறன் 48. டிராக்கில் முன்னவர் எளிதாக முந்துவார். மொத்தமாகப் பார்த்தால் அவரிடம் 2.97 லிட்டர், மற்றவரிடம் 3.84 லிட்டர். இருவர் முதுகிலும் 30 கிலோ ஏற்றி, மொத்த எடையால் வகுத்தால் இருவருக்கும் 34.9! 40 கிலோ ஏற்றினால் தடியர் முந்திவிடுகிறார்.

போரில் வெறுங்கையோடு ஓடுபவர் யார்? இதை உணர்ந்துதான் பிரிட்டிஷ் தரைப்படை, நேரடிப் போர்ப்பிரிவுகளுக்கு 40 கிலோவுடன் 4 கிலோமீட்டரை 50 நிமிடத்திலும், அடுத்து 25 கிலோவுடன் 2 கிலோமீட்டரை 15 நிமிடத்திலும் கடக்கச் சொல்கிறது. ஆண், பெண், வயது எல்லாருக்கும் ஒரே அளவு. இந்திய ராணுவத்தில் நெடுங்காலம் நடந்துவந்த போர்த்திறன் தேர்விலும் 5 கிலோமீட்டர் ஓட்டம் சுமையோடுதான். கனடா பீப் டெஸ்டையே கைவிட்டு, மணல்மூட்டை தூக்குவதற்கும் இழுப்பதற்கும் மாறியது. இதற்கும் விலை உண்டு: முதுகும் கீழ்க்கால் எலும்பும் அடிவாங்கும், தோற்றவர் மூச்சில் தோற்றாரா, தோள்வலியில் தோற்றாரா என்று பிரித்தறிய முடியாது.

ஆகவே பயிற்சி முன்னேற்றத்தை அறிய 2.4 கிலோமீட்டரை அடிக்கடி வைப்பேன். பணிக்குத் தகுதியா என்று முடிவெடுக்க மூட்டையை ஆண்டுக்கு ஓரிரு முறை ஏற்றுவேன். ஒரே நாளில் இரண்டும் கூடாது. எதுவானாலும் விடியற்காலையில்தான்; வெயிலில் ஓடவைத்தால் அளவும் பொய், உயிருக்கும் ஆபத்து. சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் லடாக்கின் லே நகரில் எடுத்த நேரத்தைச் சமவெளிப் பட்டியலோடு ஒப்பிட்டு யாரையும் ‘ஃபெயில்’ ஆக்கவும் கூடாது. அங்கே காற்றிலேயே ஆக்ஸிஜன் குறைச்சல்.