‘நன்றி, உங்கள் செய்தி கிடைத்தது’: எங்கள் இணையதளத்தின் மூன்றாண்டுக் கணக்கு

எங்கள் நிறுவனத்தின் புதிய இணையதளம் பயன்பாட்டுக்கு வந்து மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டன. அதை உருவாக்கிக் கொடுத்த டெவலப்பரிடமே தன் நிறுவனத்தின் தளத்தையும் ஒப்படைக்கலாமா என்று நண்பர் ஒருவர் அண்மையில் கேட்டார். வேறொரு சமயத்தில் கேட்டிருந்தால் யோசிக்காமல் ஆம் என்றிருப்பேன். அவர் கேட்டதோ, வாடிக்கையாளர்கள் எங்களிடம் கேள்வி அனுப்பும் விசாரணைப் படிவம் தளத்தில் பழுது பார்க்கப்பட்டு, அந்தப் பழுதுக்கான பில்லும் கைக்கு வந்திருந்த வேளையில். ஆகவே இந்தப் பகிர்வில் சற்றுச் சூடு இருக்கும். நியாயம் தவறாமல் எழுத முயல்கிறேன்.

முதலில் நியாயம். வாடிக்கையாளர் கொடுக்கும் அளவுக்கு ஏற்ப அட்டைப்பெட்டி செய்து தரும் நிறுவனம் எங்களுடையது. பழைய தளம் கைப்பேசியில் திறந்தால் எழுத்துகள் எறும்பாகத் தெரியும். பெட்டி வகைகளைத் தேடுவதற்குள் வந்தவர் போய்விடுவார். புதிய தளத்தை 2022-இல் ஒப்படைத்தபோது, டெவலப்பர் முதலில் கேட்டது வண்ணங்களையோ லோகோவையோ அல்ல. பழைய தளத்தில் இருந்த பக்க முகவரிகள் அனைத்தின் பட்டியலைத்தான். ஒவ்வொரு பழைய முகவரியையும் அதற்கு இணையான புதிய பக்கத்துக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் 301 ஏற்பாட்டை ஒன்றுவிடாமல் செய்து முடித்த பிறகே தளத்தை வெளியிட்டார். தளம் மாறிய மறுவாரமே தேடுபொறியிலிருந்து காணாமல் போன நிறுவனங்களை நான் அறிவேன் என்பதால், இந்த ஒரு வேலைக்காகவே அவரை எத்தனை முறை பாராட்டினாலும் தகும். பக்கத்தின் முதன்மை உள்ளடக்கம் 2.5 விநாடிக்குள் திரையில் தோன்ற வேண்டும் என்று கூகுள் வகுத்துள்ள அளவுகோலை எங்கள் பொருட்பட்டியல் பக்கங்கள் இன்றும் எளிதாக நிறைவேற்றுகின்றன. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்ற அணுகுதிறன் நெறியைக் காட்டி, எங்கள் மேலாளர் ஆசைப்பட்ட வெளிர்சாம்பல் எழுத்தை அவர் பணிவாக மறுத்ததும் நினைவில் இருக்கிறது. படங்கள், மெனு, கைப்பேசித் தோற்றம் என்று எதிலும் இதுவரை ஒரு குறையும் இல்லை.

பணி நடந்த முறையும் ஒழுங்காகவே இருந்தது. தேவைகளைப் பேசி எழுதிக்கொள்ளுதல், பக்க வரைவு, வடிவமைப்பு, சோதனைத் தளம், வெளியீடு என்ற வழக்கமான படிகள். முன்பணம், வடிவமைப்பு ஒப்புதலுக்குப் பின் ஒரு பகுதி, வெளியீட்டில் மீதி என்ற வழக்கமான கட்டணமுறை. திருத்தங்கள் இரண்டு சுற்றுக்கு மேல் போனால் கூடுதல் கட்டணம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டார். வேலை தாமதமானது எங்கள் பக்கத்து எழுத்தும் படங்களும் வராததால் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எந்த நிறுவனத்திலும் இது இப்படித்தான் நடக்கும் போலும். ‘எங்களைப் பற்றி’ என்ற நான்கு பத்தியை எழுத ஆள் கிடைப்பதில்லை.

இனி படிவம். ஒப்பந்தத்தின் பணிப்பட்டியலில் அது ஒரே ஒரு வரி: ‘தொடர்புப் படிவம் – 1’. முகப்புப் பக்கத்தில் ஓடும் படங்களின் வேகத்தைப் பற்றிக்கூட அதே ஒப்பந்தம் முழுப் பத்தி பேசுகிறது. ஆனால் எங்களைப் போன்ற நிறுவனத்துக்குத் தளம் என்பதே அந்தப் படிவம்தான். நீளம், அகலம், உயரம், எண்ணிக்கை ஆகியவற்றை நிரப்பி ஒருவர் பொத்தானை அழுத்துகிறார். அந்தச் செய்தி எங்கள் விற்பனைப் பிரிவின் அஞ்சல்பெட்டிக்கு வர வேண்டும். மற்றப் பக்கங்கள் எல்லாம் அவரை அந்தப் பொத்தான்வரை அழைத்து வருவதற்காக இருப்பவை.

பொத்தானை அழுத்தியவருக்கு ‘நன்றி, உங்கள் செய்தி எங்களுக்குக் கிடைத்தது’ என்று பச்சை எழுத்தில் ஒரு வரி தோன்றும். இந்த வரிதான் என் எரிச்சல். செய்தி கிடைத்தாலும் அது தோன்றும், கிடைக்காவிட்டாலும் தோன்றும். பி.எச்.பி. என்ற நிரல்மொழியின் அஞ்சல் கட்டளை ‘சரி’ என்று திருப்பிச் சொல்வதற்குப் பொருள், தளம் இருக்கும் சர்வர் அந்த அஞ்சலை அனுப்புவதற்காக வாங்கிக்கொண்டது என்பது மட்டுமே. உரியவரைச் சென்றடைந்தது என்பதல்ல. பி.எச்.பி.யின் கையேடே இதைத் தெளிவாக எழுதிவைத்திருக்கிறது. அப்படியிருக்க, கிடைத்துவிட்டது என்று எங்கள் பெயரில் ஒரு நிரல் உறுதியளிப்பதை என்னவென்று சொல்வது?

கோளாறு எப்போதும் நிகழ்ந்திருந்தால் முதல் வாரத்திலேயே பிடிபட்டிருக்கும். சில விசாரணைகள் வந்தன, சில வரவில்லை. எது வரவில்லை என்பதோ, வராதவரை யாருக்கும் தெரியாது. நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, படிவம் வழியாகக் கேட்டும் பதில் இல்லாததால் வேறிடத்தில் பெட்டி வாங்கிவிட்டதாக வருத்தத்தோடு சொன்ன பிறகுதான் தேடத் தொடங்கினோம். டெவலப்பரின் முதல் பதில், “படிவம் சரியாகத்தான் வேலை செய்கிறது, சோதித்துப் பார்த்துவிட்டேன்” என்பது. அவர் பொய் சொல்லவில்லை. தன் ஜிமெயில் முகவரியைக் கொண்டு சோதித்தார்; அது வந்து சேர்ந்தது.

காரணம் பின்னால் தெரிந்தது. படிவத்திலிருந்து வரும் அஞ்சலின் ‘அனுப்புநர்’ இடத்தில், அதை நிரப்பிய வாடிக்கையாளரின் முகவரியையே நிரல் இட்டுவந்திருக்கிறது. பதிலளி என்று அழுத்தினால் நேராக அவருக்குப் போகட்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் அஞ்சலைப் பெறும் சர்வரின் கண்ணுக்கு அது ஆள்மாறாட்டமாகத் தெரிகிறது. யாஹூவிலிருந்து வருவதாகச் சொல்லிக்கொள்ளும் அஞ்சல், யாஹூவுக்குத் தொடர்பே இல்லாத, எங்கள் தளம் இருக்கும் ஹோஸ்டிங் சர்வரிலிருந்து வந்து நிற்கிறது. ஒரு டொமைனின், அதாவது முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயரின், சார்பில் அஞ்சல் அனுப்ப எந்தச் சர்வர்களுக்கு உரிமை உண்டு என்று அறிவிப்பது எஸ்.பி.எஃப். பதிவு. அஞ்சல் அந்த டொமைனுடையதுதான் என்பதற்கான மின்முத்திரை டி.கே.ஐ.எம். இவ்விரண்டில் ஒன்றுகூட அனுப்புநர் டொமைனோடு பொருந்தாவிட்டால் அஞ்சலை என்ன செய்வது என்று சொல்லும் விதி டிமார்க். தனி நடவடிக்கை வேண்டாம், ஒதுக்கிவை, நிராகரி என்று அதில் மூன்று நிலைகள் உண்டு. எந்த நிலை என்பதை அந்தந்த டொமைனின் உரிமையாளரே அறிவிக்கிறார். யாஹூ தன் முகவரிகளுக்கு ‘நிராகரி’ என்று அறிவித்தது 2014 ஏப்ரலில். ஆகவே யாஹூ முகவரி வைத்திருந்தவர்களின் விசாரணைகள் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டன. ஜிமெயில்காரர்களுடையவை சில நாள் வந்தன, சில நாள் ஸ்பேம் பெட்டிக்குள் விழுந்தன. நிராகரிக்கப்பட்ட அஞ்சல்கள் குறித்த அறிவிப்பாவது வந்திருக்க வேண்டுமே என்றால், அது ஹோஸ்டிங் சர்வரின் உள்கணக்கு ஒன்றுக்குப் போய்க் குவிந்திருந்தது. அதை யாரும் திறந்து பார்த்ததே இல்லை.

இதைச் சரிசெய்யும் வழி புதியதோ கடினமானதோ அல்ல. அனுப்புநராக எங்கள் சொந்த டொமைனின் முகவரியை வைத்து, வாடிக்கையாளரின் முகவரியை ‘பதில் அனுப்ப வேண்டிய முகவரி’ என்ற தனி இடத்தில் போட்டால் போதும். அந்த இடம் 1982-இல் வெளியான மின்னஞ்சல் வரையறையிலேயே இருக்கிறது. கூடவே, கடவுச்சொல்லோடு கூடிய முறையான எஸ்.எம்.டி.பி. என்ற அஞ்சல் அனுப்பும் நெறிமுறை வழியாக அனுப்பி, வரும் ஒவ்வொரு விசாரணையின் நகலையும் தளத்தின் தரவுத்தளத்தில் சேமித்துவிட்டால், அஞ்சல் தவறினாலும் செய்தி தவறாது. பரவலாகப் புழங்கும் இலவசப் படிவச் செருகுநிரல்கள் சில, தனியாக ஏற்பாடு செய்தாலொழிய எதையும் சேமிப்பதில்லை. எங்கள் தளத்தில் இருந்தது அத்தகைய ஒன்று. தவறிப்போன விசாரணைகளை மீட்க இப்போது வழியில்லை.

பழுது பார்த்த கதை இன்னும் கொஞ்சம் கசப்பானது. டெவலப்பர் ஹோஸ்டிங்கைக் கேட்கச் சொன்னார். ஹோஸ்டிங் உதவிப் பிரிவு எங்கள் அஞ்சல் சேவையைக் கேட்கச் சொன்னது. அஞ்சல் சேவையினரோ டொமைனின் எஸ்.பி.எஃப். போன்ற அமைப்புகள் இருக்கும் டி.என்.எஸ். பதிவுகளைத் திருத்தச் சொன்னார்கள், டி.என்.எஸ். கணக்கு டெவலப்பரிடம் இருந்தது. ஒரு சுற்று முடிந்தது. பிறகு அவர் எஸ்.பி.எஃப். பதிவைச் சேர்த்தார், ஏற்கெனவே இருந்த பதிவோடு இணைக்காமல் இரண்டாவதாக ஒன்றைச் சேர்த்தார். ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்.பி.எஃப். பதிவுதான் இருக்கலாம், இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது என்பது விதி. விளைவாக, அதுவரை ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த எங்கள் அன்றாட அஞ்சல்களும் வாடிக்கையாளர்களின் ஸ்பேம் பெட்டிகளில் விழத் தொடங்கின. அதைச் சொன்னபோது அவர் உடனே வருந்தினார், அன்றே திருத்தினார், எப்போதும்போல மரியாதையாகவே பேசினார். கோபப்பட விரும்பும் ஒருவனுக்கு இவ்வளவு மரியாதை பெரிய தொந்தரவு.

பில்லைப் பற்றி நாங்கள் வாதிட்டதையும் பதிவு செய்ய வேண்டும். வெளியீட்டுக்குப் பின் குறிப்பிட்ட காலம்வரை பிழைகளை இலவசமாகத் திருத்துவதாக ஒப்பந்தம் சொல்கிறது. அந்தக் காலம் முடிந்துவிட்டது. தவிர, கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரியில் அனுப்புநர்களுக்கான விதிகளை இறுக்கிவிட்டதால், இது வெளியுலக மாற்றத்தால் எழுந்த புதுவேலை என்பது அவர் வாதம். பாதி உண்மை. அந்த ஆண்டு முதல் ஜிமெயிலுக்கு அஞ்சல் அனுப்பும் எவரும் எஸ்.பி.எஃப். அல்லது டி.கே.ஐ.எம். ஏதாவது ஒன்றையேனும் வைத்திருக்க வேண்டும் என்றாகிவிட்டது. நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புவோருக்கு டிமார்க் உட்பட மூன்றும் கட்டாயம். ஆனால் யாஹூவின் ‘நிராகரி’ விதி எங்கள் தளம் உருவாவதற்கு எட்டு ஆண்டுகள் முந்தையது. 2022-இல் எழுதப்பட்ட ஒரு படிவம், 2014-இலேயே செல்லுபடியாகாமல் போன முறையில் அஞ்சல் அனுப்பியதைப் புதுவேலை என்று எப்படி ஏற்பது? இதற்கு அவர் பதில் சொல்லவில்லை. பில்லைப் பாதியாகக் குறைத்தார். வாங்கிக்கொண்டேன், ஆனாலும் அந்தப் பாதி என்னை ஆற்றவில்லை.

நண்பருக்குப் பயன்படக்கூடியது ஒன்று உண்டு. ஒப்பந்தத்தில் ‘தொடர்புப் படிவம்’ என்று ஒரு சொல்லோடு விட்டுவிட எந்த டெவலப்பரையும் அனுமதிக்காதீர்கள். வெவ்வேறு அஞ்சல் சேவைகளின் முகவரிகளை இட்டுச் சோதித்து, பெறுபவரின் அஞ்சல்பெட்டியில் வந்திறங்கியதைக் கண்ணால் கண்ட பிறகே அந்தப் பணி முடிந்ததாகக் கொள்ளப்படும் என்று எழுதுங்கள். திரையில் தோன்றும் நன்றியறிவிப்பு சோதனை ஆகாது. விசாரணைகளின் நகல் எங்கே சேமிக்கப்படும், திரும்பி வரும் அஞ்சல்கள் யாருடைய பெட்டிக்கு வரும், வெளியீட்டுக்குப் பிறகு மாதந்தோறும் யார் சோதிப்பார், டி.என்.எஸ். கணக்கு யார் பெயரில் இருக்கும் என்பவையும் எழுத்தில் இருக்கட்டும். பணிப்பட்டியல்கள் பொதுவாகப் பக்கங்களை எண்ணுகின்றன. பொத்தானை அழுத்திய பிறகு நடப்பது எந்தப் பக்கத்திலும் நடப்பதில்லை என்பதால் கணக்கில் வராமலே போய்விடுகிறது.

இனி தீர்ப்பு. மேலே எழுதியதைக் கூட்டிக் கழித்தால் தளத்துக்கு நல்ல மதிப்பெண்தான் வரும். வேகம், தோற்றம், தேடலில் இடம் என்று எல்லாவற்றிலும் அவர் சொன்னதைவிடக் கூடுதலாகவே செய்திருக்கிறார். ஆனாலும் நண்பருக்கு ‘வேண்டாம்’ என்றே பதில் எழுதினேன். வந்து சேராத விசாரணைகளின் எண்ணிக்கை எனக்கு என்றைக்கும் தெரியப்போவதில்லை. அது தெரியாத நிலையில் மற்ற மதிப்பெண்கள் என் கண்ணில் நிற்கவில்லை. ஆறு மாதம் கழித்துக் கேட்டிருந்தால் வேறு பதில் கிடைத்திருக்கக்கூடும்.

இதற்கு நேர்மாறாக இன்னொன்றும் நடந்துகொண்டிருக்கிறது. பொருட்பட்டியலை விரிவாக்கும் இரண்டாம் கட்டப் பணிக்கு அவரிடமே விலைப்புள்ளி கேட்டிருக்கிறோம். பழைய முகவரிகளை அத்தனை கவனமாகப் பேணும் இன்னொருவரை எங்கே தேடுவது என்கிறார் மேலாளர். புதிய ஒப்பந்த வரைவில் படிவத்துக்கான பிரிவு மட்டும் அரைப்பக்கம் வருகிறது. அதைப் படித்துவிட்டு, மாதாந்தரச் சோதனையைப் பராமரிப்புக் கட்டணத்தில் சேர்க்க முடியாது, தனியாகத்தான் தர வேண்டும் என்று நேற்று மிகவும் மரியாதையாக ஓர் அஞ்சல் அனுப்பியிருக்கிறார்.