"போலிஸ் லெலோங் (ஏல) சைக்கிள்" என்று சொல்லி விற்றால் முதலில் ரசீதைக் கேளுங்கள்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பிள்ளைகளுக்குச் சைக்கிள் தேடுகிறவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள்.

என் மூத்தவன் இந்த வருஷம் படிவம் ஒன்று போகிறான். தோட்டத்திலிருந்து பள்ளிக்கு நாலு கிலோமீட்டர். பள்ளி பஸ் செம்பனைப் பாதைக்குள் வராது. புது சைக்கிள் விலை கேட்டுவிட்டு மலைத்துப்போய் இருந்த நேரத்தில்தான், பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒருவர் சின்ன லாரியில் ஏழெட்டு சைக்கிள்களை இறக்கி வைத்திருந்தார். "போலிஸ் லெலோங் சரக்கு அண்ணே. உரியவங்க யாரும் வரல. போன மாசம்தான் எடுத்தேன்" என்றார். மகனுக்கு ஒன்று, சின்னவளுக்கு ஒன்று, இரண்டும் சேர்த்து 360 வெள்ளி. ரொக்கமாகக் கொடுத்தேன். ரசீது கேட்டதற்கு, "எல்லாத்துக்கும் ஒரே ரசீது, வீட்ல இருக்கு, வாட்ஸாப்பில் அனுப்புறேன்" என்றார். போலிஸ் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. ரசீது இன்றுவரை வரவில்லை.

ஒன்பதாவது நாள் ஒரு மலாய்க்காரர் தன் மகனோடு எங்கள் லயத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை, மரியாதையாகத்தான் பேசினார். சைக்கிளைச் சாய்த்து இருக்கைக்கு அடியில் காட்டினார். சூடான ஆணியால் பிளாஸ்டிக்கில் இரண்டு எழுத்து சுட்டிருந்தது, அவர் மகனின் பெயர். டியூஷன் வாசலில் வைத்தது காணாமல் போயிருக்கிறது. கையில் போலிஸ் ரிப்போர்ட் நகல். தேதியைப் பார்த்தேன், நான் வாங்கியதற்கு 12 நாள் முன்பு. என் பையன் ஒன்றும் பேசாமல் பூட்டுச் சாவியை எடுத்துவந்து அந்தப் பிள்ளையிடம் கொடுத்தான். அந்தக் காட்சி இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

இருவரும் சேர்ந்தே ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கிருந்த சார்ஜன் பொறுமையாக விளக்கினார். உரியவர் தெரியாத பொருளை போலிஸ் நினைத்த மாத்திரத்தில் விற்க முடியாது. மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டும், பொது அறிவிப்பு ஒட்ட வேண்டும், உரிமை கோர 6 மாதம் அவகாசம் தர வேண்டும். யாரும் வராவிட்டால்தான் நீதிமன்ற உத்தரவோடு விற்பனை. அப்படியிருக்க, 12 நாளுக்கு முன் திருடு போனது எப்படி "போன மாச" லெலோங்கில் வந்திருக்கும்?

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தச் சொன்னார். பெடல் அச்சு ஓடும் குழாயின் அடியில்தான் பெரும்பாலும் பிரேம் நம்பர் அடித்திருக்கும். அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். சொரசொரவென்று அரம் போட்ட தடம், அதன்மேல் தடிமனாக வெள்ளிப் பெயிண்ட். வாங்கும்போது பிரேக்கையும் டயரையும் அழுத்திப் பார்த்தவன், அங்கே ஒரு முறை தடவியிருந்தால் போதும்.

இன்னொன்றில் நம்பர் இருந்தது. ஆனால் சைக்கிள் கடை தவுக்கே (முதலாளி) ஹேண்டில் கழுத்துக்குக் கீழே பற்றவைத்த இடத்தைச் சுரண்டிக் காட்டினார், பெயிண்டுக்கு அடியில் மயிரிழை வெடிப்பு. பிள்ளையை ஏற்றாதே என்றார். அதுவும் இப்போது ஓரமாக நிற்கிறது.

உண்மையான லெலோங்கில் எடுப்பது தப்பில்லை. பொருள் உள்ளது உள்ளபடிதான் கிடைக்கும், பழுதுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள், ஆனால் பணம் அரசாங்கத்துக்குப் போகும், அதற்கு அதிகாரபூர்வ ரசீது இருக்கும். அதை எடுத்தவர் உங்களுக்கு விற்றால், அந்த ரசீதைக் கண்ணால் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். மோட்டார் சைக்கிளுக்குக் கிராண்ட் (பதிவுப் பத்திரம்) உண்டு, சைக்கிளுக்கு அது கிடையாது. கையில் உள்ள ரசீதுதான் உங்களைக் காப்பாற்றும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினால் தண்டனைச் சட்டம் 411-ஆம் பிரிவில் 5 ஆண்டுவரை சிறை என்றும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். என்னைச் சாட்சியாக எழுதிக்கொண்டார்கள், சரி, அதுவரை நெஞ்சு படபடத்தது எனக்குத்தான் தெரியும்.

வங்கி வழியாகப் பணம் அனுப்பச் சொன்னால், முதலில் மோசடிக் கணக்குகளைச் சரிபார்க்க உதவும் போலிஸின் 'செமாக் மியூல்' தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைத் தட்டிப் பாருங்கள். அனுப்பிய பிறகு சந்தேகம் வந்தால் தாமதிக்காமல் மோசடிப் புகார் எண்ணான 997-க்கு அழையுங்கள்.

எனக்கு விற்ற ஆளின் போன் எண் இப்போது வேலை செய்யவில்லை. பள்ளி திறக்கும் நேரம், வேறு ஊர் பாசார் மாலாமில் லாரியை நிறுத்தியிருக்கலாம். ரசீது இல்லாமல் "லெலோங்" என்று சொல்லி யாராவது சைக்கிள் விற்பதைப் பார்த்தால், சண்டைக்குப் போகாதீர்கள், பக்கத்து ஸ்டேஷனில் சொல்லுங்கள். அங்கே நிற்கும் ஒவ்வொரு சைக்கிளையும் ஏதோ ஒரு பிள்ளை தேடிக்கொண்டிருக்கலாம்.