மணிக்கு 2,400 யென் என்று விளம்பரம் வந்தால் கொஞ்சம் நில்லுங்கள்

கணவரைச் சார்ந்து வருபவர்களுக்குத் தரும் டிபென்டென்ட் விசாவில் ஜப்பானுக்கு வந்து, வீட்டில் சும்மா இருக்க மனமில்லாமல் ஆங்கிலப் பள்ளிகளுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கும் தமிழ்ப் பெண்கள் டோக்கியோவின் நிஷி கசாய் பக்கம் மட்டுமே நிறையப் பேர் இருக்கிறோம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் வேலை பார்த்த பள்ளியின் பெயரைப் போடவில்லை. பண விவகாரம் இன்னும் முழுதாக முடியவில்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று, ஏறக்குறைய இதே ஒப்பந்தத்தை வேறு பள்ளிகளில் சேர்ந்த தோழிகளிடமும் பார்த்துவிட்டேன். ஒரு பள்ளியைத் தவிர்த்தால் தப்பிவிடலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

நான் சொல்வது எய்கைவா பள்ளிகளைப் பற்றி. ஸ்டேஷன் பக்கத்துக் கட்டிடத்தில் ஏதோ ஒரு மாடியில் இரண்டு மூன்று சின்ன அறைகள் இருக்கும். மாலையில் பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள், ராத்திரி ஆபீஸ் முடிந்து பெரியவர்கள் வருவார்கள், ஆங்கிலம் பேசிப் பழகுவார்கள். பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் 'நேட்டிவ்', அதாவது ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர் வேண்டும் என்று கேட்கும், இல்லையென்றால் 12 வருடம் ஆங்கில வழியில் படித்ததற்குச் சான்று கேட்கும். அதனால் அனுபவம் இல்லாத நம்மை முதலில் கூப்பிடுவது சின்னப் பள்ளிகள்தான்.

விளம்பரத்தில் மணிக்கு 2,400 யென், அனுபவம் தேவையில்லை, டிபென்டென்ட் விசாவும் பரவாயில்லை என்று இருந்தது. 2024 அக்டோபரில் டோக்கியோவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1,163 யென் ஆனது. அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? அந்த 2,400 பொய்யும் இல்லை. எந்த மணிக்கு 2,400 என்பதில்தான் எல்லாச் சூழ்ச்சியும் இருந்தது.

நேர்காணலுக்குப் போனபோது டெமோ பாடம் எடுக்கச் சொன்னார்கள். அது எல்லா இடத்திலும் உள்ள வழக்கம்தான். மேனேஜரையே மாணவராக உட்காரவைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் நடத்திக் காட்டுவது நியாயம். இங்கே அறைக்குள் நிஜப் பிள்ளைகள் இருந்தார்கள், பின்னால் அம்மாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். முழுப் பாடம் நடத்தினேன். முடிந்ததும் அந்த அம்மாக்களில் இருவர் முன்மேசையில் சேர்க்கைப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். புது வாடிக்கையாளர்களைப் பிடிக்கும் இலவச அறிமுக வகுப்பை, சம்பளம் இல்லாமல் என்னை வைத்து நடத்தி முடித்துவிட்டார்கள். சில மாதம் கழித்து, வேலைக்கு எடுக்கும் எண்ணமே இல்லாமல் இன்னொரு பெண்ணை 'டெமோ'வுக்குக் கூப்பிட்டதை அங்கேயே பார்த்தேன்.

அன்றைக்கே மேனேஜர் இன்னொரு யோசனையும் சொன்னார். பிள்ளைகளின் பெற்றோர் உங்களுக்கு எந்த ஊர் என்று கேட்டால், கொஞ்ச காலம் லண்டனில் இருந்தேன் என்று சொல்லிவிடலாமே என்றார். மிகப் பணிவாக, தலையைக் குனிந்துதான் சொன்னார். முடியாது, திருச்சி என்றுதான் சொல்வேன் என்றேன். சிரித்துக்கொண்டே சரி என்றார். பிற்பாடு பள்ளியின் இணையதளத்தில் என் படத்துக்குக் கீழே 'பிரிட்டிஷ் ஆங்கிலம்' என்று போட்டிருந்தது. பிள்ளைகளோ, இந்தியாவில் யானை தெருவில் போகுமா என்று ஆர்வமாகக் கேட்டார்கள். ஊர் பெயரால் அவர்களுக்கு எந்தக் குறையும் வரவில்லை.

அப்புறம் பயிற்சி. காலை முதல் மாலை வரை உட்காரவைத்து, அவர்களுடைய புத்தகம், பாட்டு, அட்டை விளையாட்டு, பெற்றோரிடம் பேசும் முறை எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். வராவிட்டால் வேலை கிடையாது. 'இது உங்கள் வளர்ச்சிக்கு' என்று சொல்லி அதற்குக் காசு தரவில்லை. கட்டாயப் பயிற்சி வேலை நேரம்தான், அதற்குக் கூலி உண்டு என்பது ஜப்பானியத் தொழிலாளர் அமைச்சகம் எழுத்திலேயே சொல்லியிருக்கும் விஷயம்.

ஒப்பந்தம் கைக்கு வந்தது முதல் வகுப்புக்குச் சற்று முன்னால். வெளியே பிள்ளைகள் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். பல பக்கங்களும் ஜப்பானிய மொழியில், மேலே ஒரே பக்கத்தில் ஆங்கிலச் சுருக்கம். சுருக்கத்தில் சம்பளம், வகுப்பு நேரம், விடுமுறை நாட்கள் இருந்தன. ஜப்பானியத் தலைப்பில் இருந்த 'க்யோமு இதாகு' மட்டும் அதில் இல்லை. அப்படியென்றால் நீங்கள் பள்ளியின் ஊழியர் இல்லை, வெளியிலிருந்து வேலை எடுத்துச் செய்யும் தனி ஒப்பந்ததாரர். ஊழியர் இல்லையென்றால் ஆறு மாதம் கழித்துக் கிடைக்க வேண்டிய சம்பளத்துடன் கூடிய விடுப்பு கிடையாது, குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்தாது, பள்ளி வழியாக விபத்துக் காப்பீடு கிடையாது, வருமான வரிக் கணக்கையும் வருடா வருடம் நீங்களே பிப்ரவரி, மார்ச்சில் தாக்கல் செய்ய வேண்டும்.

இனி அந்த 2,400க்கு வருவோம். ஒரு பாடம் 40 நிமிடம். ஆகவே ஒரு பாடத்துக்கு 1,600 யென். பாடத்துக்கு முன் அறையைத் தயார் செய்ய வேண்டும், பின்னால் பெற்றோரிடம் பேசி, ஒவ்வொரு பிள்ளைக்கும் குறிப்பு எழுத வேண்டும். அதற்குக் காசு இல்லை. வகுப்புகளை அடுத்தடுத்து வைக்காமல் பெற்றோருக்கு வசதியான நேரத்தில் தூவி வைப்பார்கள். சனிக்கிழமை இரண்டு மணிக்குப் போனால் எட்டு மணிக்குத்தான் கிளம்ப முடியும், நடுவில் நான்கு பாடம். இடைவெளியில் வெளியே போகக் கூடாது, திடீரென யாராவது விசாரிக்க வந்தால் ஆள் வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு 6,400 யென், மணிக்கு 1,067 தேறுகிறது. குறைந்தபட்சக் கூலியைவிடக் குறைவு. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கடைசி நேரத்தில் ஒரு பாடம் ரத்தானால் 4,800, மணிக்கு 800. ரத்தான பாடத்துக்குப் பெற்றோரிடம் வாங்கிய கட்டணத்தைப் பள்ளி திருப்பித் தருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம்மூரில் சூடு வைத்த ஆட்டோ மீட்டர் வேகமாக ஓடும், இங்கே மீட்டர் நமக்காக ஓடுவதை நிறுத்தி நிறுத்தி வைக்கிறார்கள்.

பணத்தைவிட என்னைப் பயமுறுத்தியது விசா. டிபென்டென்ட் விசாவில் இருப்பவர்கள் வேலை செய்யக் குடிவரவு அலுவலகத்தில் தனி அனுமதி வாங்க வேண்டும், அது ரெசிடென்ஸ் கார்டின் பின்பக்கம் பதிவாகும், வாரத்துக்கு 28 மணி நேரம்தான் எல்லை. இது எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது என்னவென்றால், அந்தப் பொது அனுமதி நேரக் கணக்கு உள்ள வேலைக்குத்தான். உழைத்த நேரத்தை வெளியிலிருந்து சரிபார்க்க முடியாத தனி ஒப்பந்த வேலை என்றால், அதைக் காட்டித் தனியாக அனுமதி கேட்க வேண்டும். மேனேஜரிடம் இதைக் கேட்டபோது, தயாரிப்பு நேரத்தையும் இடைவெளியையும் எழுதாதீர்கள், பாட நேரத்தை மட்டும் கணக்கில் வையுங்கள், 28க்குள் வந்துவிடும் என்றார். கூலி கொடுக்காமலிருக்க ஒரு கணக்கு, குடிவரவு அதிகாரி கேட்டால் காட்ட அதே கணக்கு. பிரச்சினை வந்தால் போவது என் விசா, அவருடைய பள்ளி அங்கேயே இருக்கும். என் கணவர் பொதுவாக எதிலும் அவசரப்படாதவர், அவரே அன்று ராத்திரி 'போதும், நிறுத்திடு' என்றார்.

நிறுத்துகிறேன் என்று சொன்னதும் ஒப்பந்தத்தில் இருந்த இன்னொரு வரி வெளியே வந்தது. பருவம் முடிவதற்குள் விலகினால் 30,000 யென் 'மாற்று ஆசிரியர் செலவு'. கடைசி மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு மீதியைப் போட்டார்கள். ஜப்பானின் தொழிலாளர் தரநிலைச் சட்டத்தின் 16வது பிரிவு, ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு அபராதம் என்று முன்கூட்டியே தொகை எழுதி வைப்பதையே தடை செய்கிறது. 24வது பிரிவு சம்பளத்தை முழுதாகக் கொடுக்கச் சொல்கிறது. பள்ளியின் பதில் ஒரே வரி: 'நீங்கள் ஊழியர் இல்லையே.'

இந்தப் பதிலைக் கேட்டு நிறையப் பேர் திரும்பிவிடுகிறார்கள். பக்கத்துக் கட்டிடத்தில் பல வருடமாக இருக்கும் ஒரு அக்காதான், 'தலைப்புல என்ன எழுதியிருந்தா என்னம்மா, ரோக்கி ஆபீசுக்கு ஒரு தடவை போய்ட்டு வா' என்று அனுப்பினார். ரோக்கி என்று இங்கே சுருக்கமாகச் சொல்வது தொழிலாளர் தரநிலைக் கண்காணிப்பு அலுவலகத்தை. ஆலோசனைக்குக் காசு இல்லை. அங்கே இருந்தவர் ஒப்பந்தத்தின் தலைப்பை ஒரு தடவைகூடப் பேச்சில் எடுக்கவில்லை. வகுப்பு நேரத்தை யார் முடிவு செய்தது, ஒரு வகுப்பை வேண்டாம் என்று சொல்ல முடிந்ததா, உங்களுக்குப் பதில் வேறு ஆளை அனுப்ப முடியுமா, புத்தகம் யாருடையது, எப்படி நடத்த வேண்டும் என்று யார் சொன்னது என்றுதான் ஒவ்வொன்றாகக் கேட்டார். பெயர் எதுவானாலும் நடைமுறையில் ஊழியர்போல வேலை வாங்கியிருந்தால் சட்டம் ஊழியராகத்தான் பார்க்கும் என்பதை அந்தக் கேள்விகளிலேயே புரிந்துகொண்டேன்.

ஆனால் ரோக்கி நீதிமன்றம் இல்லை, நமக்காகப் பணம் வசூலித்துத் தரும் இடமும் இல்லை. முதலில் தொகையும் கெடுவும் குறிப்பிட்டுப் பள்ளிக்குக் கடிதம் எழுதுங்கள், பதில் வராவிட்டால் நகலோடு வாருங்கள் என்றார்கள். எழுதினேன். ரயில் கார்டில் பதிவான ஸ்டேஷன் நேரங்கள், லைன் செயலியில் மேனேஜர் அனுப்பிய அட்டவணைகள், 'இடைவெளியில் வெளியே போக வேண்டாம்' என்ற அவருடைய செய்தி எல்லாவற்றையும் இணைத்தேன். பயிற்சிக் கூலி குறைந்தபட்சக் கூலிக் கணக்கில் வந்தது, பிடித்த 30,000மும் திரும்பி வந்தது. இடைவெளி நேரத்துக்கும் ரத்தான பாடங்களுக்குமான பணம் இன்னும் இழுபறியில் இருக்கிறது.

இப்போது விண்ணப்பம் போட்டுக்கொண்டிருப்பவர்கள் நேர்காணலிலேயே 'ரோதோ ஜோகென் ட்சூசிஷோ' தருவீர்களா என்று கேளுங்கள். வேலை நிபந்தனைகளை எழுத்தில் தரும் தாள் அது. ஊழியராக எடுக்கும் எந்த முதலாளியும் தொழிலாளர் தரநிலைச் சட்டத்தின் 15வது பிரிவின்படி அதைக் கொடுத்தே ஆக வேண்டும். முகம் மாறினாலோ, பிறகு பார்க்கலாம் என்றாலோ உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. உண்மையிலேயே தனி ஒப்பந்தம்தான் என்றாலும் 2024 நவம்பர் 1 முதல் ஃப்ரீலான்ஸ் சட்டம் இருக்கிறது. வேலையும் தொகையும் எழுத்தில் வர வேண்டும், 60 நாளுக்குள் பணம் வர வேண்டும். பாடம் எத்தனை நிமிடம், இரண்டு பாடத்துக்கு நடுவில் கூலி உண்டா, ரத்தானால் என்ன என்ற மூன்றையும் கேட்க வெட்கப்பட வேண்டாம். ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். நல்ல பள்ளிகள் அதற்குக் கோபப்படுவதில்லை. இப்போது நான் போகும் பள்ளியில் அவர்களாகவே ஆங்கிலத்திலும் ஒரு பிரதி கொடுத்தார்கள்.

பெற்றோரிடம் ஒரு வருடக் கட்டணத்தை மொத்தமாக முன்பணம் வாங்கத் துடிக்கும் பள்ளியிடமும் ஜாக்கிரதை. முன்பணத்திலேயே வளர்ந்த நோவா என்ற பெரிய எய்கைவா நிறுவனம் 2007 அக்டோபரில் நீதிமன்றப் பாதுகாப்பு கேட்டு விழுந்தபோது, ஆயிரக்கணக்கான வெளிநாட்டு ஆசிரியர்கள் சம்பளம் வராமல் வாடகை கட்ட முடியாமல் நின்றார்கள். 2010இல் ஜியோஸ் என்ற இன்னொரு எய்கைவா நிறுவனமும் திவாலானது. அதனால் சம்பளம் தேதி தவறினால், ஒரு மாதம்தானே என்று விடாதீர்கள்.

ஊரிலிருந்து நேரடியாக வர நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. போன வாரம்கூடச் சொந்தக்காரத் தங்கை ஒருத்தி போன் செய்தாள். ஜப்பானில் டீச்சர் வேலை, விசாவுக்கு முன் வாங்க வேண்டிய சர்டிபிகேட் ஆஃப் எலிஜிபிலிட்டிக்கு மட்டும் இரண்டு லட்சம் கட்டச் சொல்கிறார்கள் என்றாள். அந்தச் சான்றிதழுக்கு ஜப்பான் குடிவரவு அலுவலகம் கட்டணமே வாங்குவதில்லை, வேலை கொடுக்கும் பள்ளிதான் அங்கே விண்ணப்பிக்கும். நம் நாட்டில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும், சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் உச்சம். இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் ஏஜென்ட் பெயரைத் தேடிப் பாருங்கள். டூரிஸ்ட் விசாவில் வா, வந்தபிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் போனை வைத்துவிடலாம். அந்த விசாவில் சம்பளத்துக்கு ஒரு பாடம் எடுத்தாலும் சட்டவிரோதம்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டிருப்பவர்கள் இன்றிலிருந்து வந்த நேரம், போன நேரத்தை எழுதி வையுங்கள். பழைய சம்பளத்தை மூன்று வருடம் வரை கேட்கலாம். தொழிலாளர் அமைச்சகத்தின் வெளிநாட்டினருக்கான தொலைபேசி ஆலோசனையில் தமிழ் கிடையாது, ஆங்கிலம் உண்டு. தனியாகப் போராடத் தெம்பில்லை என்றால் டோக்கியோவில் டோசென், ஒசாகா பக்கம் ஜெனரல் யூனியன் என்று ஆசிரியர்கள் சேரக்கூடிய சங்கங்கள் இருக்கின்றன, ஒருவராகவும் போய்ச் சேரலாம். கடிதம் எழுதத் தெரியவில்லை என்றால் சொல்லுங்கள், நான் பள்ளிக்கு அனுப்பியதைப் பெயர்களை நீக்கிவிட்டுத் தருகிறேன்.